காப்போரைப் போற்றுதலும் நிலைநிறுத்துதலும்



ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் நம் நாடெங்கும் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பாவாபுரியில் பகவான் மகாவீரர் முத்தியடைந்த திருநாளை விளக்கேற்றி நாம் போற்றும் ஐப்பசி அமாவாசையும் பல ஆண்டுகளில் இதை ஒட்டியே வருகிறது. நம் இல்லத்து விளக்குகளைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இந்நாளைப் பற்றி நம் சபைகளில் யாரும் பேசியதாக நினைவில்லை. ஆகவே இம்முறை இதை எடுத்துக்கொள்கிறோம்.

1959ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று, லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில், காணாமற்போன தம் தோழரைத் தேடிச் சென்ற இந்தியக் காவலர் குழுவைச் சீனப் படையினர் சுட்டனர். பதின்மர் மாண்டனர். அன்று அந்த எல்லையைக் காத்தது இராணுவமன்று; காவல்துறையே. மாண்டோரின் உடல்கள் மூன்று வாரங்களுக்குப் பின்னரே திரும்பக் கிடைத்து, அப்பனிமலையிலேயே எரியூட்டப்பட்டன. அடுத்த ஆண்டு சனவரியில் கூடிய மாநிலக் காவல் தலைவர்கள், பணியில் உயிர் நீத்த காவலர் அனைவர்க்கும் உரிய நாளாக இதை வகுத்தனர். 2018இல் தில்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டபோது, அதன் சுவரில் விடுதலைக்குப் பின் மாண்ட 34,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எல்லையில் மாண்டோர் அவர்களுள் சிலரே. ஏனையோர் கலவரத்திலும், கள்வரைத் துரத்தும்போதும், வெடிகுண்டிலும் மாண்டவர்கள். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமரோடு மாண்டவர்களுள் ஒன்பதின்மர் காவல் பணியிலிருந்தவர்கள். அவர்தம் இல்லங்களில் அன்றிரவு எத்தனை பேர் காத்திருந்தனரோ!

இங்கே நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், படைக்கலம் ஏந்துவதையே தொழிலாகக் கொண்டோரைப் போற்றலாமா? இளைஞர் சிலர் இதை நேராகவே கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் ஆசாரியர்கள் இல்லறத்தானுக்கு வகுத்த அறம் முனிவரின் அறமன்று. ஹிம்சையை அவர்கள் நான்காகப் பிரித்துக் காட்டினர். எண்ணித் துணிந்து செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல், கட்டுதல் ஆகியவற்றில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவிலும் தொழிலிலும் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையோ பிறரையோ நாட்டையோ காக்கும்பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அடியோடு விட வேண்டும்; ஏனையவற்றில் விழிப்போடு அளவு காக்க வேண்டும். காவலன் கையிலுள்ள தடி நான்காம் வகையின் எல்லைக்குள் நிற்கும்வரை அது அறத்துக்கு அயலானதன்று. அந்த எல்லையைத் தாண்டிய கணமே அது முதல்வகையாகிவிடுகிறது. தடி அதேதான், சீருடையும் அதேதான். உள்ளே இருக்கும் கருத்து மாறிவிடுகிறது.

எல்லைக்குள் நின்றவர் ஒருவரைக் காட்டுவோம். 2008 நவம்பர் 26ஆம் நாள் இரவு மும்பையில் நடந்த கொடுமையை அறியாதவர் இல்லை. நள்ளிரவு கடந்தபின், கிர்காவ் சௌபாத்திக் கடற்கரைச் சாலையில் போட்டிருந்த தடுப்பருகே கொலைஞர் இருவர் வந்த கார் மறிக்கப்பட்டது. அங்கு நின்றவர்களுள் துக்காராம் ஓம்பளே என்னும் உதவி சார் ஆய்வாளரும் ஒருவர். அவர் கையில் இருந்தது தடி ஒன்றே. எதிரே நின்றவன் கையில் இயந்திரத் துப்பாக்கி. ஓம்பளே அத்துப்பாக்கியின் குழாயை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் அவர் உடலுக்குள் பாய்ந்தன. பிடி மட்டும் தளரவில்லை. தோழர்கள் அதற்குள் அவனைச் சூழ்ந்து உயிரோடு பிடித்தனர். ஓம்பளேக்கு 2009இல் அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. பிடிபட்டவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டான். அவனுக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொடுத்து, சாட்சியம் கேட்டு, மேல்முறையீட்டுக்கும் இடந்தந்தபின் நான்கு ஆண்டுகள் கழித்தே தண்டனை நிறைவேற்றப்பட்டது. தூக்குத் தண்டனையை நம் அறம் ஏற்குமா என்பது வேறு ஆராய்ச்சி. குண்டு பாய்ந்த உடலோடு அந்த மனிதர் பற்றிக் கொடுத்தது, ஒரு கொலைஞனையும் விசாரணையின்றிக் கொல்லாத ஓர் ஒழுங்கை என்பதே நாம் கருத வேண்டியது.

இத்தகையோரைப் போற்றும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. நம்மவர் பரவி வாழும் வடாற்காட்டு, திருவண்ணாமலைச் சீமையில், செங்கம் வட்டாரத்து வயல்வெளிகளில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. கவரப்பட்ட ஆநிரையை மீட்டு மாண்டோர்க்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. எந்த அரசனின் எத்தனையாம் ஆண்டு, எவன் சேவகன், எவருடைய ஆநிரை, அவன் பெயர் என்ன என்று ஒவ்வொன்றையும் பொறித்திருக்கின்றனர். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று வீரனோடு அவன் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. கள்வர் இருவரைக் கடித்துத் தலைவன் அருகே காவல் நின்றதாம் அந்நாய். நாயின் பெயரைக்கூட மறவாத ஊரார் அவர்கள். நம் ஊர்க் காவல் நிலையத்தில் பணியிலிருக்கும் ஏட்டின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனிக் கசப்பான பக்கத்துக்கு வருவோம்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஸ்திதிகரணம் என்னும் நிலைநிறுத்துதலுக்குச் சான்றாக வாரிஷேணரின் வரலாற்றை நம் நூல்கள் கூறும். சிரேணிக மன்னனின் மைந்தர் அவர். ஒரு சதுர்த்தசி இரவில் சுடுகாட்டில் தியானத்தில் நின்றார். ஆரமொன்றைத் திருடிக்கொண்டு ஓடிவந்த கள்வன், காவலர் நெருங்கவே, அதை அவர் முன் எறிந்துவிட்டு மறைந்தான். காவலர் வந்தனர், ஆரத்தைக் கண்டனர், இளவரசரே கள்வர் என்று முடிவு கட்டினர். மன்னனும் ஆராயவில்லை, தலையை வெட்டுமாறு ஆணையிட்டான். ஓங்கிய வாள் அவர் கழுத்தில் மலர்மாலையாயிற்று.

இதே கதையைத் தமிழ் மண்ணில் வேறு முடிவோடு படித்திருக்கிறோம். இளங்கோவடிகளின் காப்பியத்தில் பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட பாண்டியன், ஆராயாமல் காவலரை அனுப்பினான். அக்காவலருள் ஒருவன் கோவலனைக் கண்டதும், இவன் முகத்தில் கள்வனின் குறியில்லையே எனத் தயங்கியதை அடிகள் மறவாமல் பதிவு செய்திருக்கிறார். பொற்கொல்லன் களவு நூலையெல்லாம் எடுத்து விரித்து அவர்கள் மனத்தைக் கலைக்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இங்கே வாள் மாலையாகவில்லை. தயங்கியவன் தயங்கினான், தடுக்கவில்லை. மதுரை எரிந்தது.

2020ஆம் ஆண்டு சூன் 19 அன்று, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்ததாகக் கூறி ஒரு தந்தையையும் அவருக்காகப் பேசச் சென்ற மகனையும் காவல் நிலையத்தில் வைத்தனர். மகன் 22ஆம் நாளும் தந்தை 23ஆம் நாளும் இறந்தனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்து, அந்நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் ஒப்படைக்கச் செய்தது. ஒரு காவல் நிலையத்தைக் காவலரிடமிருந்து காக்க வேண்டிய நிலை! பின்னர் சி.பி.ஐ. ஒன்பது காவலர்மீது கொலைக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தது. அந்நிலையத்தில் பணிசெய்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அன்றிரவு தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் அஞ்சாது கூறினார். கோவலன் கதையில் தயங்கி நின்றவன் செய்யாமல் விட்டதை அவர் செய்தார். வீரவணக்க நாளில் மாண்டோரை வணங்கும்போது, உயிரோடிருக்கும் இத்தகைய வீரத்தையும் சேர்த்து வணங்குவதே பொருத்தம் என்பது நம் கருத்து.

கொல்லாமை நோன்புக்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆகமம் வகுத்திருப்பதை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்கிறோம். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். மாட்டையும் வண்டியையும் வைத்தே இவற்றுக்கு உரை சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இவை நம் கைக்குள் அகப்பட்ட எவ்வுயிருக்கும் உரியவை. ஓர் உயிர் தப்பியோட முடியாதபடி நம் பிடியில் இருக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே இவ்வைந்தின் உட்கிடை. காவல் நிலையக் கொட்டடிக்கு இதைவிட ஏற்ற சட்டத்தை இன்றைய நாடாளுமன்றமும் எழுதிவிட முடியாது.

இந்நோய் நேற்று வந்ததுமன்று. கும்பினியார் காலத்தில், சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராயவென்றே ஒரு குழு அமைக்கப்பட்டு, 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை மரத்துண்டுகளிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், தலையைக் காலோடு குனித்துக் கட்டும் அண்ணாந்தாளும் அதில் பெயரோடு இடம்பெற்றன. தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையில் ஏறிய இடங்களுள் இதுவும் ஒன்று, பெருமைப்படத் தக்கதன்று. வரி வாங்குவோரும் காவலரும் அன்று ஒருவரே. அதனால்தான் 1859இல் காவல்துறையைத் தனியே பிரித்துச் சட்டம் செய்தனர். ஆனால் பிரிக்கப்பட்ட துறையும் குடிமக்களின் துறையாக அமையவில்லை, ஆள்வோரின் கருவியாகவே அமைந்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாடை விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் போகவில்லை.

ஐந்தனுள் நான்காவதாகிய மிகுபாரத்தைப் பற்றி ஒரு சொல். அது கொட்டடியின் உள்ளே இருப்பவனுக்கு மட்டும் உரியதன்று; வெளியே நிற்கும் காவலனுக்கும் உரியது. திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்று இரவும் பகலும் சாலையோரம் நிற்கும் காவலர் நிழலுக்கும் நீருக்கும் கழிவறைக்கும் படும் பாட்டை நாமே காண்கிறோம். தமிழ்நாட்டில் காவலர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதே 2021இல்தான் அரசாணையாக வந்தது. உறக்கமில்லாதவன் கையில் தடியையும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு அவனிடம் பொறுமையை எதிர்பார்க்கிறோம். இதைச் சொல்வது அடித்தவனுக்குச் சமாதானம் தேடுவதற்காகவன்று. பிரமாதம் என்று நம் நூல்கள் கூறும் விழிப்பின்மைக்குக் காரணங்கள் உண்டு, அவற்றையும் ஆராய வேண்டும் என்பதற்காகவே.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம் பக்கம் திரும்புவோம். வினை நம்மைப் பற்றும் வாயில் மூன்று: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனம். வீட்டில் ஒரு சங்கிலி காணாமற்போகிறது. வேலைக்கு வரும் பெண்ணின்மேல் ஐயம். தெரிந்த அதிகாரி ஒருவரிடம் சொல்லி, 'விசாரிக்கிற விதத்தில் விசாரியுங்கள்' என்கிறோம். அந்த விதம் எது என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அன்று மாலை சூரியன் மறையுமுன் உண்டு, நீரையும் வடிகட்டிப் பருகிவிட்டுத் துயில்கிறோம். நகை பிறகு பெட்டியின் அடியிலேயே கிடைக்கவும் கூடும். அப்பெண் மேல் விழுந்த அடி காரிதத்தின் வழியே யாருடைய கணக்கில் ஏறும்?

அனுமோதனம் இன்னும் எளிது. நாளிதழ் படித்துக்கொண்டே செய்துவிடலாம். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, இளம் பெண் மருத்துவரைக் கொன்றதாகப் பிடிபட்ட நால்வரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். மக்கள் திரண்டு காவலர்மேல் பூ மாரி பொழிந்தனர். உச்சநீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022இல், தற்காப்புக்காகச் சுட்டதாகக் கூறியது நம்பத்தக்கதன்று, கொல்லும் நோக்கத்தோடேயே சுட்டனர் என்று கண்டறிந்தது. பூக்கள் அதற்குள் வாடிவிட்டன. நமக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில், 1980 ஆகஸ்ட் 6 அன்று ஓர் ஆய்வாளரும் காவலர் மூவரும் நக்சலைட்டு ஒருவர் எறிந்த வெடிகுண்டுக்கு இரையாயினர். அங்கே அவர்களுக்கு நினைவுத்தூண் உண்டு. ஆண்டுதோறும் மரியாதை செலுத்தப்படுகிறது. செலுத்தவே வேண்டும். அதன்பின் அச்சீமையில் இளைஞர் பலர் மோதலில் மாண்டதாக அறிவிக்கப்பட்டதையும், அவை போலி மோதல்களே என மனித உரிமையாளர் குற்றஞ்சாட்டியதையும் முதியோர் அறிவர். தூணுக்கு வைத்த மலர் அக்கேள்விகளை மூடும் திரையாக வேண்டியதில்லை.

துறையின் மானத்தைக் காக்கவே குறைகளை மறைக்கிறோம் என்போர் உளர். நம்மவரிலும் சிலர் உபகூஹனம் என்னும் குறைமறைத்தலை இதற்குத் துணையழைப்பர். அவ்வுறுப்புக்குச் சான்றாகிய ஜினேந்திரபக்தரின் கதையை ஊன்றிப் பார்க்க வேண்டும். பிரமசாரி வேடம் பூண்ட கள்வன், அவ்வணிகரின் மாளிகைச் சைத்தியாலயத்துக் குடையிலிருந்த மணியைத் திருடி ஓட, காவலர் துரத்தினர். தாமே அதைக் கொண்டுவரச் சொன்னதாகக் கூறிச் சமயத்துக்கு வரவிருந்த பழியை அவர் நீக்கினார். கள்வனைத் தனியே கண்டித்துத் துரத்தினார். அந்த மணி அவருடையது, இழப்பும் அவருடையது. ஆகவே பொறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. கொட்டடியில் போன உயிர் துறைக்குச் சொந்தமானதன்று. தமக்கு உரிமையில்லாத ஒன்றைப் பொறுத்துக்கொள்ள எவராலும் முடியாது.

இங்கே வேண்டுவது ஸ்திதிகரணம். வாரிஷேணர் துறவு பூண்டபின், அவருடைய தோழர் புஷ்பதாலரும் தீட்சை பெற்றார். ஆனால் அவர் உள்ளம் ஆண்டுக்கணக்கில் விட்டுவந்த மனைவியையே நாடியிருந்தது. வாரிஷேணர் அவரைச் சபையில் வைத்து இழிவுபடுத்தவில்லை, தெரியாதவர்போல் இருந்துவிடவுமில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்த செல்வத்தையும் மனைவியரையும் நேரே நிறுத்தி, உமக்கு வேண்டுமாயின் இவற்றைக் கொள்ளும் என்றார். நாணிய தோழர் நெறியில் உறுதிப்பட்டார். ஒருகாலத்தில் காவலரின் அவசரத்தால் கழுத்தில் வாளைக் கண்டவரே, பின்னாளில் வழுவியவரை நிலைநிறுத்தியவர் என்பதைக் கவனியுங்கள். அவர் மறைக்கவில்லை, கைவிடவும் இல்லை.

காவல்துறையை இவ்வாறு நேரே கண்ணாடி முன் நிறுத்தும் வழிகளை நீதிமன்றங்கள் வகுத்தே இருக்கின்றன. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தவை எளியவை. கைது செய்வோர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் உறவினரோ ஊராரோ ஒருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில், ஆள்வோரின் தலையீட்டிலிருந்து துறையை விடுவிக்கவும், காவலர் மீதான முறையீடுகளுக்குத் தனி ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது. 2020 டிசம்பரில், கொட்டடி உட்பட நிலையத்தின் எல்லாப் பகுதிகளிலும் காட்சியும் ஒலியும் பதியும் கண்காணிப்புக் கருவிகள் வேண்டும் என்றது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதோ அரசியலமைப்பிலேயே உள்ளது. ஏட்டில் குறையில்லை. கையொப்பமிடச் செல்லும் அந்த ஊரார் யார் என்பதுதான் கேள்வி.

'நிலையத்துப் படி மிதியாத குடும்பம்' என்று சொல்லிக்கொள்வதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒழுக்கத்தின் அடையாளமாகத் தோன்றிய சொல் அது. இன்று ஒதுங்கலின் அடையாளமாகிவிட்டது. நம் ஜினாலயத்தில் செப்புத் திருமேனி களவுபோனால் மட்டும் பதறிக்கொண்டு அப்படியேறுகிறோம். அப்போது அங்கிருப்போர் நமக்கு அயலார். நாமும் அவர்களுக்கு அயலார். 1983 முதல் தமிழகக் காவல்துறையில் சிலைத் திருட்டைத் தடுக்கவென்றே தனிப்பிரிவு இயங்குகிறது. திருமேனியின் புகைப்படமும் அளவும் நம்மிடம் ஒழுங்காக இருந்தால் அவர்கள் பணி பாதி எளிதாகும் என்பதை எத்தனை ஊர் அறங்காவலர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர்? காக்கப்படுவோர் தம் கடனைச் செய்யாமல் காப்போரிடம் நம்பிக்கை வைப்பதும் கடினம், நம்பிக்கையைக் கேட்பதும் கடினம்.

ஆகவே நம் ஊர்ச் சங்கங்களின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஊருக்கு இருவர், நன்கு படித்தவராகவும் அஞ்சாதவராகவும், கைது நேருமிடத்தில் சாட்சியாக நிற்கச் சித்தமாயிருக்கட்டும். கைதானவர் நம்மவரா பிறரா, ஏழையா செல்வரா என்று பாராமல் செல்லட்டும். ஓர் வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் அவர்களுக்குத் துணையிருக்கட்டும். வீட்டுப் பணியாளர்மீது ஐயம் வந்தால், தெரிந்தவர் காதில் ஓதுவதை விட்டு, எழுத்தில் முறையீடு தருவதென்று ஒவ்வொரு குடும்பமும் நோன்பாக ஏற்கட்டும். அக்டோபர் 21 அன்று, அந்தந்த வட்டாரத்தில் பணியில் மாண்ட காவலரின் பெயர்களைச் சபையில் படிப்போம். அவ்வாண்டில் மாநிலத்தில் காவல் நிலையங்களில் இறந்தோரின் பெயர்களையும் அதே குரலில், அதே மரியாதையோடு படிப்போம். இரண்டையும் சேர்த்துப் படிப்பது சிலருக்கு உறுத்தலாம். உறுத்தட்டும். மாண்ட காவலரின் பிள்ளைகளது கல்விக்குச் சங்க நிதியில் ஒரு பங்கை ஒதுக்குவது பற்றியும் அன்றே முடிவெடுக்கலாம்.

நிலையத்தில் பணியிலிருப்போரையும் அவர் குடும்பத்தாரையும் அன்று உணவுக்கு அழைப்போம். கதிரவன் மறையுமுன் இலை போட வேண்டும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவுக் காவலுக்குச் செல்வோருக்கும் அதுவே வசதி.